இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் யார்? நம் சென்னைப் பெண் எஸ். விஜயலட்சுமி!



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. கூகுளில் தேடக் கூடாது. இந்தியாவில் மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் யார்? பெரும்பாலானவர்கள் வைஷாலி என்பீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஆந்திராவின் கோனேரு ஹம்பி என்பீர்கள். இரண்டும் சரியில்லை. 2001-ல் அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த சுப்பராமன் விஜயலட்சுமி. ஆறு முறை தேசிய மகளிர் சாம்பியன். அர்ஜுனா விருது பெற்றவர். ஆனந்த் பெயர் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. விஜயலட்சுமி பெயர் தெரிந்த வீடு எத்தனை இருக்கும்?

அவர் கதையைச் சொல்வதற்கு முன், அவருக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். வரலாற்றுப் பாடத்தில் நான் எப்போதும் சொல்வதுதான். ஒருவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரிய வேண்டுமானால், எங்கிருந்து புறப்பட்டார் என்று முதலில் தெரிய வேண்டும்.

நம் ஊரில் சதுரங்கத்தில் சிறந்த பெண்ணின் கதை புராணத்திலேயே உண்டு. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் அருகே திருப்பூவனூர் என்ற தேவாரத் தலம். அங்கே சிவனுக்குப் பெயர் சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகையை சதுரங்கத்தில் வெல்ல ஆளே இல்லை. வெல்பவருக்கே மணமுடிப்பேன் என்று சொல்லிவிட்ட தந்தைக்கு, மகளுக்குக் கல்யாணம் ஆகுமா என்ற கவலை. கடைசியில் இறைவனே முதியவர் வேடத்தில் வந்து ஆடி, வென்று, மணம் புரிந்தார் என்பது தலபுராணம். பக்தியோடு கேட்க வேண்டிய கதைதான். ஆனால் அந்த அப்பாவின் கவலையைக் கவனியுங்கள். பெண் நன்றாக ஆடுகிறாள் என்ற பெருமையும், இவள் கல்யாணம் என்ன ஆகும் என்ற பயமும் ஒன்றாகவே வருகின்றன. இன்றைக்கும் நம் வீடுகளில் அப்படித்தானே?

இனி நிஜ வரலாறு. 1933-ல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன்ஷிப்பை ஓர் இந்தியப் பெண் வென்றார். பெயர் பாத்திமா. பஞ்சாபைச் சேர்ந்த பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கானின் வீட்டில் பணியாளராக இருந்தவர். அதே வீட்டைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பையும் வென்றார். அவருக்கு அது மூன்றாவது வெற்றி. பிறகு எஜமானர் இந்தியா திரும்பினார். கூடவே இவர்களும் திரும்பினார்கள். பாத்திமா அதன்பின் எந்தப் பெரிய போட்டியிலும் ஆடியதாகச் செய்தி இல்லை. திறமை இருந்தது, பட்டமும் கிடைத்தது. ஆனால் அடுத்த போட்டிக்கு அழைத்துப் போக ஆள் இல்லை, ஆடுவதற்கு ஒரு சங்கம் இல்லை, பெண்களுக்கென்று நாட்டில் போட்டியே இல்லை. அத்தோடு முடிந்தது.

பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் இந்தியாவில் தொடங்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் நடந்த அந்த முதல் போட்டியில் வென்றவர் பம்பாயைச் சேர்ந்த வாசந்தி காடில்கர். அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்தப் பட்டம் அந்த ஒரு வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி மூவரும் அக்கா தங்கைகள். 1976-ல் ரோகிணி ஆண்களோடு தேசியப் போட்டியில் ஆடியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலக செஸ் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மாக்ஸ் யூவே, பெண் என்ற காரணத்துக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் என் தலைமுறை கண் முன்னால் நடந்தவை. ரொம்பப் பழைய காலம் இல்லை.

அதே காலத்தில் வெளிநாடுகளில் நிலைமை என்ன? பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் 1927-லேயே லண்டனில் தொடங்கிவிட்டது. வேரா மென்சிக் அதை வென்றார். பெண்களுக்கான முதல் ஒலிம்பியாட் 1957-ல் நெதர்லாந்தின் எம்மென் நகரில் நடந்தது. அதில் சோவியத் அணி முதலிடம், ருமேனியா இரண்டாமிடம். ருமேனியா எவ்வளவு சின்ன நாடு! சோவியத்தின் ஜார்ஜியாவும் அப்படித்தான். அந்த மண்ணிலிருந்து வந்த நோனா கப்ரிந்தாஷ்விலி 1978-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். அந்த நாடுகளில் சங்கம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், பெண்கள் ஆடுவது வழக்கமாக இருந்தது.

தமிழ்நாட்டில் அந்த வழக்கத்துக்கு விதை போட்டவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அவர் 1972-ல் சென்னையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். உலக சாம்பியனாக இருந்த மிகைல் தாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சிறுவன் ஆனந்த் போய் ஆடியது அந்த கிளப்பில்தான்.

விஜயலட்சுமியின் கதையும் அந்தப் பெயரோடுதான் தொடங்குகிறது. 1979 மார்ச் 25 அன்று பிறந்தவர். 1986-ல் தால் ஓப்பன் போட்டியில் முதன்முதலாக ஆடினார். ஏழு வயது. 1988-லும் 1989-லும் 10 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசிய சாம்பியன். பிறகு 12 வயதுப் பிரிவிலும் இரண்டு முறை. 1988-ல்தான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு இந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது.

விஜயலட்சுமியின் தங்கைகள் மீனாட்சி, பானுப்பிரியா இருவரும் ஆடினார்கள். மீனாட்சியும் பின்னாளில் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பம்பாயில் ஒரு மூன்று சகோதரிகள், சென்னையில் ஒரு மூன்று சகோதரிகள்! இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வெளியே பெண்கள் ஆடுவது அபூர்வமாக இருந்த காலத்தில், தினமும் எதிரே உட்கார்ந்து ஆட வீட்டிலேயே ஒருத்தி இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

1995-ல் சென்னையில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை விஜயலட்சுமி வென்றார். 16 வயது. நம் வீட்டுப் பெண்கள் பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் சேரும் வயது. பொதுமக்களுக்கு இன்டர்நெட் இந்தியாவுக்கு வந்ததே அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். இன்றைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் இருக்கும் போனிலேயே உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் ஆடலாம், ஆடிய ஆட்டத்தில் எங்கே தவறு என்று கம்ப்யூட்டரே சொல்லும். அந்தக் காலத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, பலகையில் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் படிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் மீண்டும் தேசிய சாம்பியன். பிறகு 1999-ல் கோழிக்கோடு, 2000-ல் மும்பை, 2001-ல் டெல்லி, 2002-ல் லக்னோ என்று தொடர்ந்து நான்கு முறை. மொத்தம் ஆறு. நடுவில் 1996-ல் காமன்வெல்த் மகளிர் பட்டம், 2003-ல் மீண்டும் அதே பட்டம். 1997-ல் டெஹ்ரானிலும் 1999-ல் மும்பையிலும் ஆசிய மண்டலப் போட்டிகளில் வெற்றி. 2000-ல் இஸ்தான்புல் ஒலிம்பியாட்டிலும் 2002-ல் பிளெட் ஒலிம்பியாட்டிலும் தனிநபர் வெள்ளிப் பதக்கம்.

இந்த இடத்தில் 'மகளிர் கிராண்ட்மாஸ்டர்' என்றால் என்ன என்று ஒரு சின்ன பாடம். பலர் குழப்பிக்கொள்கிறீர்கள்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவர் வெற்றி தோல்விக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதற்கு ரேட்டிங் என்று பெயர். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். அதோடு, வலுவான போட்டிகளில் அந்தத் தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். அப்படி ஆடிக் காட்டுவதற்கு 'நார்ம்' என்று பெயர். இந்தப் பட்டம் ஆண், பெண் இருவருக்கும் பொது. மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது பெண்களுக்கு மட்டுமான தனிப் பட்டம். அதற்கு 2300 ரேட்டிங்கும் நார்ம்களும் வேண்டும்.

நார்ம் எடுக்க உள்ளூரில் ஜெயித்தால் போதாது. பட்டம் பெற்றவர்களோடும், பிற நாட்டு ஆட்டக்காரர்களோடும் மோத வேண்டும். அப்படியானால் ஒன்று வெளிநாடு போக வேண்டும், அல்லது அவர்கள் இங்கே வரும் சர்வதேசப் போட்டிகள் நடக்க வேண்டும். விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு, துணைக்கு ஒருவர். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுவும் வழிகாட்ட, இப்படிப் போ, அப்படிப் போ என்று சொல்ல, முன்னால் போன ஓர் இந்தியப் பெண் கூட இல்லாத நேரத்தில்! அப்படி எல்லாவற்றையும் தாண்டித்தான் 2001-ல் அந்தப் பட்டம் வந்தது. ஆண் பெண் இருவருக்கும் பொதுவான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டமும் பெற்றவர் அவர்.

அவர் திருமணம் செய்துகொண்டவர் கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீராம் ஜா. திருப்பூவனூர் அரசன் மாதிரிக் கவலைப்படும் அப்பாக்கள் கவனிக்கவும்!

சரி, முதல் ஆள் போய்விட்டால் பின்னால் என்ன நடக்கும்? இதுதான் இந்தப் பதிவில் எனக்கு முக்கியமான பகுதி.

சென்னையிலேயே ஆர்த்தி ராமசாமி என்ற பெண், 1999-ல் ஸ்பெயினில் நடந்த 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப்பை வென்றார். அவரும் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷை மணந்தார். இருவரும் சேர்ந்து சென்னையில் 'செஸ் குருகுல்' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி பெற வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அக்கா, தம்பி. வைஷாலி, பிரக்ஞானந்தா.

விஜயலட்சுமி பட்டம் பெற்ற அதே 2001-ல், ஜூன் 21 அன்று பிறந்தவர் வைஷாலி. அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர். அம்மா நாகலட்சுமி இல்லத்தரசி. மகள் எந்நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி கற்றுக்கொண்டான். வைஷாலி 2012-ல் 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக சாம்பியன் ஆனபோது தம்பிக்கு ஏழு வயது. 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்று இன்றைக்குச் சொல்கிறோம். அன்றைக்கு அந்த வீட்டில் அவன்தான் 'வைஷாலியின் தம்பி'!

2013-ல் சென்னை வந்திருந்த மாக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சிப் போட்டியில், 12 வயது வைஷாலி அவரை வென்றார். தம்பி 2018-ல் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அக்காவுக்கு அந்தப் பட்டம் வசப்பட இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பரில் ஸ்பெயினில் ஆடும்போது 2500 ரேட்டிங்கைத் தொட்டார். உலகத்திலேயே அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர்களாக இருப்பது அதுதான் முதல் முறை. ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு கிராண்ட்மாஸ்டர் ஆன மூன்றாவது இந்தியப் பெண் அவர்.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்த போட்டியில் அதே வைஷாலி தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றார். சொந்த ஊரில், எல்லோரும் பார்க்க. அடுத்த மாதமே உஸ்பெகிஸ்தானின் சாமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் ஆடி, பட்டம் வென்றார். 2023-லும் அதே போட்டியில் வென்றவர். ஒரு தேர்வில் மார்க் குறைந்துவிட்டது என்று முடங்கிப்போகும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இந்தப் பிள்ளைகளின் அம்மா நாகலட்சுமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் போட்டிகளுக்குத் துணைக்குப் போகும்போது அடுப்பும் பாத்திரமும் கூடவே கொண்டுபோய், பிள்ளைகளுக்கு ரசம் சோறு செய்து போடுவாராம். செஸ் ஆடுவது ஒருவர்தான். ஆனால் பலகைக்கு வெளியே எத்தனை பேர் சேர்ந்தால் அந்த ஒருவர் அங்கே நிம்மதியாக உட்கார முடிகிறது!

2022-ல் நம் பக்கத்து மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' எல்லா இடத்திலும் நின்றது. அந்தப் போட்டியில் ஹரிகா ஒன்பது மாதக் கர்ப்பிணியாக ஆடினார். நம் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. வைஷாலிக்குத் தனிநபர் வெண்கலமும் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் புடாபெஸ்ட்டில் பெண்கள் அணி தங்கமே வென்றுவிட்டது. 2022-லேயே சேலம் மாவட்டத்தின் நந்திதா ஆசிய மகளிர் சாம்பியன் ஆனார். கதை சென்னையைத் தாண்டியும் போகத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். 2025 ஜூலையில் நாக்பூரின் திவ்யா தேஷ்முக் இந்தியாவின் 88-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த 88 பேரில் பெண்கள் எத்தனை பேர்? ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா. நான்கே நான்கு.

ஏன் இவ்வளவு குறைவு? பெண்களுக்கு மூளை போதாது என்று சொல்பவர்கள் என் வகுப்பறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் பலகையை விரித்தால் பையன்களும் பெண்களும் சரிசமமாக வந்து உட்காருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் பட்டியலில் பையன்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். நன்றாக ஆடிய பெண்கள் தோற்றுப்போய் விலகவில்லை. வெளியூர் அனுப்ப மாட்டோம், பத்தாவது வருகிறது, வயசுக்கு வந்த பெண், துணைக்கு யார் போவது என்று ஒவ்வொரு காரணமாக வீட்டிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் சிலர் இன்று நம் பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் லைன் லீடராகவும் குவாலிட்டியிலும் இருக்கிறீர்கள். இதைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், நம் பழைய மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி. அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. நன்றாக ஆடுகிறாள். "இதனால என்ன பிரயோஜனம், அடுத்த வருஷத்தோட நிறுத்திடுன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, என்ன செய்யட்டும் ஐயா?" என்று கேட்டிருந்தார்.

தம்பி, உன் மகள் கிராண்ட்மாஸ்டர் ஆவாள் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. ஆடுகிறவர்களில் மிகச் சிலரே அங்கே போய்ச் சேருகிறார்கள். கடன் வாங்கி வெளிநாடு அனுப்பு என்றும் சொல்ல மாட்டேன். உன்னால் முடிந்த அளவு போதும். பக்கத்தில் நடக்கும் போட்டிகளுக்கு லீவு நாளில் நீயோ அவள் அம்மாவோ கூட்டிப் போங்கள். வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் அவளோடு பலகையில் உட்கார். உனக்கு ஆடத் தெரியாவிட்டால் அவளே உனக்குச் சொல்லித் தரட்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு மாதங்களில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தாதே. குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. 13 வயதிலிருந்து 17 வயது வரை நிறுத்தாமல் விட்டால் போதும், அதன்பின் தொடர்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்வாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடு. அவர்களில் சிலர் எனக்கும் சொந்தம்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

பாத்திமா 1933-ல் வென்றார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. விஜயலட்சுமி 2001-ல் வென்றார். இந்தியாவில் இன்று மகளிர் கிராண்ட்மாஸ்டர்கள் 20 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவில் மாறியது என்னவென்று யோசியுங்கள். ஒரு கிளப் தொடங்கிய ஆரோன், பெண்களுக்கென்று ஏற்பட்ட போட்டிகள், தடுத்தபோது நீதிமன்றம் வரை போன ஒரு குடும்பம், மூன்று மகள்களையும் ஆட விட்ட ஒரு வீடு. இத்தனையும் சேர்ந்து போட்ட பாதை அது. அந்தப் பாதையில் நடந்த முதல் பெண்ணின் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

எஸ். விஜயலட்சுமி. பொது அறிவுப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் செஸ் ஆடி, பிறகு விட்டுவிட்ட மாணவிகள் யாராவது இதைப் படித்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள். எந்த வருஷம் படித்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். பலகை வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். காய்கள் எப்படி நகரும் என்பது மறந்திருக்காது.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஆசிரியர்,
பிள்ளைப்பாக்கம்